லாரி ஓட்டுநர்கள் கவனத்திற்கு: ‘புதிய பதிப்பு’ ரோடு அட்லஸ் என்று சொல்லி என்னிடம் 2,480 ரூபாய் பறித்த கதை

லாரி ஓட்டுநர்களுக்கென்றே அச்சிட்டது என்று இணைய விற்பனைச் செயலி ஒன்றில் விளம்பரம் செய்யப்பட்ட ரோடு அட்லஸுக்கு 2,480 ரூபாய் கட்டினேன். வந்து சேர்ந்தது ஏதோ ஒரு பழைய புத்தகத்தின் மங்கலான நகல். பணம் திரும்பாது என்று நேற்று மாலை முடிவாகச் சொல்லிவிட்டார்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேயிலை லோடு ஏற்றும் நண்பர்கள் பலருடைய கைப்பேசியிலும் இதே விளம்பரம் ஓடிக்கொண்டிருப்பதால் உடனே எழுதுகிறேன். ஓர் அட்லஸை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் முடிவில் சொல்கிறேன்.

கைப்பேசி இருக்கும்போது காகித வரைபடம் எதற்கு என்று கேட்பவர்கள் மலையில் லோடு வண்டி ஓட்டியவர்களாக இருக்க மாட்டார்கள். கூடலூரைத் தாண்டி முதுமலைக் காட்டுக்குள் நுழைந்தால் சிக்னலை நம்ப முடியாது. நாம் ஓட்டுவது காரா பத்துச் சக்கர வண்டியா என்பதும் வழிகாட்டும் செயலிக்குத் தெரியாது. தூரம் குறைவு என்று 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிப் பாதையை அது காட்டிவிடும். அதைவிட முக்கியமான காரணம் வேறு. குன்னூரிலிருந்து பெங்களூரு வழியாக ஐதராபாத்துக்கோ நாக்பூருக்கோ லோடு கொண்டு போகிறவர் கிளம்புவதற்கு முன்பே மூன்று வழிகளை ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டும். கூடலூர், குண்டல்பேட்டை வழியில் போனால் பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். சத்தியமங்கலம் வழியில் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் உண்டு, இரவுத் தடையும் உண்டு. மேட்டுப்பாளையத்தில் இறங்கி அவிநாசி, சேலம், ஓசூர் என்று சுற்றிப் போனால் தூரம் கூடும், ஆனால் இராத்திரியிலும் வண்டி நிற்காமல் ஓடும். லோடோடு வைத்திருக்க வேண்டிய மின்னணுச் சரக்குச் சீட்டான ஈ-வே பில்லோ 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லுபடியாகும். எந்த வழி, எத்தனை மணிக்கு எந்த ஊர் என்று கணக்குப் போட விரித்து வைத்த பெரிய தாள் வேண்டும். அதற்காகத்தான் 2,480 ரூபாய் கொடுக்க மனம் வந்தது.

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு நானே பேசினேன். எடுத்தவர் நல்ல தமிழில், மரியாதையாக, “அண்ணா, இது டூரிஸ்ட்டுக்குப் போட்டது இல்லை, உங்களை மாதிரி லைன் வண்டி ஓட்டுறவங்களுக்காகவே போட்டது, இரவுத் தடை, உயரம் குறைந்த பாலம் எல்லாம் தனிக் குறியீடு போட்டிருக்கு” என்றார். நம்புவதற்கு முன் எங்கள் மலைப் பகுதியின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சில நிமிடங்களில் படம் வந்தது. மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, கூடலூர் சாலைக்கு 181 என்றும், குண்டல்பேட்டையிலிருந்து கோழிக்கோடு போகும் சாலைக்கு 766 என்றும் இன்றைய எண்களே போட்டிருந்தன. பர்லியாறு என்ற சின்ன ஊர் கூடத் தெளிவாகத் தெரிந்தது. கேட்ட பக்கத்தைக் கேட்டவுடன் காட்டும் மனிதரை யார்தான் சந்தேகிப்பார்கள்? பணத்தை முன்கூட்டியே கட்டினேன்.

வந்த புத்தகத்தில் அந்தப் பக்கமே இல்லை. நீலகிரிப் பக்கத்தில் அதே சாலைகள் 67, 212 என்ற பழைய எண்களோடு இருந்தன. தேசிய நெடுஞ்சாலை எண்கள் மாற்றப்பட்டது 2010-இல். பெங்களூருவிலிருந்து நாக்பூர் போகும் சாலை இந்தப் புத்தகத்தில் இன்னும் 7 தான். வழிப்பலகைகளிலோ 44 என்று இருக்கிறது. 2014-இல் பிறந்த தெலங்கானா இதில் பிறக்கவே இல்லை. ஐதராபாத் நகருக்குள் நுழையாமல் லோடு வண்டிகளைக் காப்பாற்றும் 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையைத் தேடினேன், கிடைக்கவில்லை. பதிப்பு ஆண்டு இருக்க வேண்டிய தாள் கிழித்து எடுக்கப்பட்டு, புது அட்டையில் ‘புதிய பதிப்பு’ என்று ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறது. ஊர்ப்பெயர் அட்டவணை சொல்லும் பக்க எண்ணுக்குப் போனால் வேறு மாநிலம் வருகிறது. இரண்டு புத்தகங்களைக் கலந்து தைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். சின்ன ஊர்களின் பெயர்கள் நகலெடுத்ததில் மை படிந்து கறுத்துக் கிடக்கின்றன. இரவுத் தடைக்கான குறியீடு ஒரு பக்கத்திலும் இல்லை. இப்படிப்பட்ட வரைபடத்தை நம்பி அயல் மாநிலத்தில் இருபது டன் வண்டியைத் திருப்புகிறவருடைய கதி என்ன ஆகும் என்று அவர்கள் நினைத்துப் பார்த்திருப்பார்களா?

அதன் பிறகு நடந்ததுதான் இன்னும் வயிற்றெரிச்சல். “அண்ணா” என்று அழைத்தவர் முதலில் “கொரியரில் மாறியிருக்கும்” என்றார், பிறகு “குடோனில் கேட்டுச் சொல்கிறேன்” என்றார், அதற்குப் பின் என் எண்ணையே முடக்கிவிட்டார். செயலியின் உதவிப் பகுதியில் எழுதினால் “உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்” என்ற ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. உறையைப் பிரிக்கும்போது எடுத்த காணொளி வேண்டும் என்றார்கள். பக்கங்களின் படங்களை அனுப்பியபோது, புத்தக வகைக்குத் திருப்பி அனுப்பும் வசதி கிடையாது என்றார்கள். நேற்று, “பொருள் விளக்கத்தோடு ஒத்திருக்கிறது” என்று எழுதிப் புகாரை மூடிவிட்டார்கள். தெலங்கானா இல்லாத புத்தகம் எந்த விளக்கத்தோடு ஒத்திருக்கிறது? என் 2,480 ரூபாய்க்கு யாரும் பதில் சொல்லவில்லை.

விரிவாக எழுத நினைத்தேன். இரவு லோடு ஏற்ற வேண்டும், எனவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அட்லஸைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கக்கூடிய கடையில் மட்டும் வாங்குங்கள். முதலில் பதிப்பு ஆண்டுத் தாளைப் பாருங்கள். அடுத்து தெலங்கானா இருக்கிறதா, 44 இருக்கிறதா, நம் மலைச்சாலைக்கு 181 இருக்கிறதா என்று பாருங்கள். அட்டவணையில் ஓர் ஊரைத் தேர்ந்து, அது சொல்லும் பக்கத்திலும் கட்டத்திலும் அந்த ஊர் இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஸ்பைரல் பைண்டிங் என்றால் நடுமடிப்பில் ஊர்கள் மறையாது. இணையத்தில்தான் வாங்கியாக வேண்டும் என்றால் முன்பணம் கட்டாதீர்கள், உறையைப் பிரிப்பதைக் காணொளி எடுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள்; 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நான் இன்று காலை 1915-இல் பதிந்துவிட்டேன். பில்லையும் அவர்கள் அனுப்பிய அந்த மாதிரிப் பக்கத்தின் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்.