மேட்டுப்பாளையத்திலிருந்து எந்த மலைப்பாதையைப் பிடிப்பது?

நீலகிரியில் சொந்தபந்தம் எல்லாம் ஒரே ஊரில் இருப்பது அபூர்வம். சித்தி கோத்தகிரியில் இருப்பார், கூடப் படித்தவன் மஞ்சூரில் இருப்பான், கட்டிக்கொடுத்த அக்கா கூடலூர்ப் பக்கம் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் இருப்பார். மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ தனியாக பைக்கில் கிளம்பி, எல்லோரையும் ஒரே சுற்றில் பார்த்துவிட நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த வழி அழகாக இருக்கும்?" என்பதைத்தான். அழகுக்கு எந்த வழியிலும் குறைவில்லை. தனியாகப் போகிறவர் பார்க்க வேண்டியவை வேறு. பொழுது சாயும் முன் வீடு சேர முடியுமா? நடுவழியில் பஞ்சர் ஆனால் பின்னாலேயே வண்டி ஏதாவது வருமா? அந்த மாதத்து மழை எந்தச் சரிவில் கொட்டும்? இந்த மூன்றையும் வைத்துத்தான் பாதைகளை எடைபோடுகிறேன்.

குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா?

பெரும்பாலானோர் முன்னால் இருக்கும் தேர்வு இதுதான். குன்னூர் பாதை கல்லாறு, பர்லியாறு வழியாக ஏறுகிறது. கொண்டை ஊசி வளைவுகள் 14. மலை ரயிலும் கல்லாறிலிருந்து இதே பள்ளத்தாக்கில்தான் பல்சக்கரத்தின் உதவியோடு ஏறுகிறது. பேருந்து, லாரி, சுற்றுலா வேன் என்று ஓயாத போக்குவரத்து இருக்கும். தனியாகப் போகிறவருக்கு அது பெரிய பலம். வண்டி நின்றுவிட்டால் ஐந்து நிமிடத்தில் யாராவது வந்து நிறுத்திக் கேட்பார்கள். ஆனால் வளைவுக்கு வளைவு பேருந்தின் புகையை முகத்தில் வாங்கியபடி முதல் கியரில் ஊர வேண்டியிருக்கும். முதுகில் பையும் பின்சீட்டில் மூட்டையும் இருந்தால் இது கையையும் காலையும் நன்றாகவே களைக்க வைக்கும்.

கோத்தகிரி பாதை சுமார் 33 கிலோமீட்டர். குஞ்சப்பனை, அரவேனு வழியாகப் போகும். குன்னூர் பாதையை விட நெரிசல் குறைவு. வளைவுகளும் இதமாகத் திரும்பும், வண்டி சீராக ஏறும். நூறு சிசி வண்டியில் வருபவருக்கு நான் தயங்காமல் சொல்வது இந்த வழியைத்தான். கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கும் ஊட்டிக்கும் நல்ல சாலைகள் பிரிவதால், முதல் இரவைச் சித்தி வீட்டில் கழித்துவிட்டு மறுநாள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கிளம்பலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் சாலைக்கே வரும். ஜூன், ஜூலையில் வந்தால் விடிந்து வெயில் ஏறிய பிறகு ஏறுங்கள், மாலை ஐந்துக்கு மேல் வேண்டாம்.

கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழி முறையைப் போலீஸ் கொண்டுவருவது வழக்கம். மே மாதத்தில் வருபவர்கள் கிளம்பும் முன் உறவினரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மஞ்சூர் நண்பனுக்காக

காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை வழியாக மஞ்சூர் ஏறும் பாதையில் 43 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. குந்தா மின்திட்டத்தின் அணைகளும் மின்நிலையங்களும் இருக்கும் காடு அது. வரைபடத்தில் பார்த்தால் மஞ்சூருக்கு இதுதான் நேர்வழி போலத் தெரியும். ஆனாலும் தனியாகப் போகிறவருக்கு, அதுவும் முதல் முறை என்றால், நான் வேண்டாம் என்றே சொல்வேன். பேருந்துகள் மிகக் குறைவு, செல்போன் சிக்னல் பல இடங்களில் கிடையாது. அரசுப் பேருந்தையே யானைகள் மறித்து நிற்கும் சாலை அது. மஞ்சூர் நண்பனை ஊட்டியிலிருந்து போய்ப் பாருங்கள். கூடுதல் தூரம்தான், ஆனால் வழிநெடுக ஊரும் தேயிலைத் தோட்டமும் ஆட்களும் உண்டு. கெத்தை வழியில் போயே தீர வேண்டும் என்ற ஆசை இருந்தால், நண்பனையும் அவன் வண்டியில் கூட வரச் சொல்லிக் காலையில் சேர்ந்து இறங்குங்கள்.

கூடலூர் அக்கா வீடு

ஊட்டியிலிருந்து கூடலூர் போக பைக்காரா, நடுவட்டம் வழிதான். ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இறங்கும்போது நியூட்ரலில் விடவே கூடாது. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுங்கள்.

திரும்பி ஊட்டி வருவதற்கு இரண்டாவது வழி ஒன்று உண்டு: தெப்பக்காடு, மசினகுடி, கல்லட்டி. 36 கொண்டை ஊசி வளைவுகளோடு செங்குத்தான ஏற்றம். விபத்துகள் காரணமாக வெளியூர் வண்டிகளை இந்த வழியில் இறங்க விடுவதில்லை, ஏறலாம். புதிய வண்டி, குறைந்த சுமை, காலை நேரம் மூன்றும் அமைந்தால் ஏறிப் பார்க்கலாம். அக்கா கட்டிக்கொடுத்த பலாவும் மிளகும் பின்னால் இருந்தால் நடுவட்டம் வழியே திரும்புவதுதான் சரி. முதுமலைக் காட்டுச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. பகலிலும் அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம்.

மாதத்தைப் பார்த்து வழியை மாற்றுங்கள்

வெளியூர்க்காரர்கள் அதிகம் யோசிக்காத விஷயம் இது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கம்தான் அடித்துக் கொட்டும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. அந்த மாதங்களில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் அவ்வளவு மழை இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை மோதுவது கிழக்குச் சரிவில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் பாதைகளில் மண் சரிந்து மரம் விழுவது அப்போதுதான். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் மண்சரிவில் பல உயிர்கள் போயின. ஆகவே ஜூலை, ஆகஸ்ட் என்றால் கோத்தகிரி, குன்னூர் வீடுகளோடு நிறுத்திக்கொண்டு கூடலூரை வேறு மாதத்துக்குத் தள்ளுங்கள். நவம்பரில் ஒட்டுமொத்தமாகவே தள்ளிப்போடுவது நல்லது. கோபித்துக்கொள்ளும் சொந்தம்கூட மழையைச் சொன்னால் புரிந்துகொள்ளும்.

2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. இலவசம்தான், வீட்டிலிருந்தே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டத்தில் தடை. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், பலகாரத்துக்கு டப்பா.

டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ படுக நண்பர்கள் ஹெத்தையம்மன் பண்டிகைக்குக் கூப்பிட்டிருந்தால், மழை விட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கோத்தகிரி வழியிலேயே வாருங்கள். பண்டிகை நடக்கும் பேரகணி அந்தப் பக்கம்தான். அங்கிருந்து ஊட்டி கிளம்புவதாக இருந்தால் மட்டும் எட்டு மணிக்கு மேல் கிளம்புங்கள், விடியற்காலையில் உறைபனி இருக்கும்.