ஹிக்கரி வில்லோடு ஐந்து குளிர்காலம்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணா, நீங்க செஞ்ச வில்லு இன்னும் நல்லா இருக்கா? நானும் ஒண்ணு செய்யலாம்னு பாக்குறேன். முயலுக்கு நாப்பது பவுண்டு போதுமா?" என்று கேட்டான். அவனும் இங்கே அமெரிக்காவில், மிச்சிகனில்தான் இருக்கிறான். வேட்டை லைசென்ஸ் எடுத்தாயிற்று, வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு உடுப்பும் வாங்கியாயிற்று. அன்றைக்குத்தான் என்னிடம் இருந்ததிலேயே நல்ல அம்பைப் பனியில் தொலைத்துவிட்டு வந்திருந்தேன். அந்த எரிச்சலில் அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அவன் கேட்டதற்கு உட்கார்ந்து பதில் எழுதுவதுதான் நியாயம்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். துப்பாக்கியானாலும் வில்லானாலும் கண்ணியானாலும் அதேதான். இங்கே பருவம் வகுத்து, ஒரு நாளைக்கு இத்தனை என்று அளவு வைத்து அனுமதிக்கிறார்கள். நான் எழுதுவதெல்லாம் அந்த அனுமதிக்குள் நடந்தவை.

சரி, வில். பவுண்டு என்பது நாணை இழுக்கத் தேவைப்படும் பலம். முயலுக்கு நாற்பது பவுண்டு தாராளமாகப் போதும். செய்து முடித்த அன்று என் வில் 27 அங்குல இழுவையில் 42 பவுண்டு காட்டியது, இப்போது 38. நாணைக் கழற்றி வைத்தாலும் ஒன்றரை அங்குலம் வளைந்தே நிற்கிறது. ஒரே கட்டையில் செதுக்கிய எந்த வில்லும் பழகப் பழக இப்படிக் கொஞ்சம் வளைவு வாங்கும், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஹிக்கரி முரட்டு மரம். நாரோட்டத்தில் சின்னப் பிசகு இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். முதல் வில்லுக்கு இதைவிட நல்ல மரத்தை நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு குணம்தான், ஈரத்தைக் குடிக்கும். ஆகஸ்ட் புழுக்கத்தில் இழுத்தால் ஊறிய குச்சிபோல் சோர்ந்து வரும். அதே வில், ஜனவரியில் ஹீட்டர் ஓடும் வீட்டில் ஒரு மாதம் கிடந்தபின் வேறு ஆளாகிவிடும். நாணை விட்டதும் கைக்குள் ஓர் அதிர்வு வந்து சட்டென்று அடங்கும். அந்த அடக்கத்துக்காகவே குளிர்காலத்துக்குக் காத்திருக்கிறேன்.

இரண்டாம் வருடம் வில்லின் மேல்பாதியில் ஒரு சிராய் தூக்கியது. அன்று வில் போய்விட்டது என்றே நினைத்தேன். சிராய்க்கு அடியில் மெல்லிய பசையை ஓடவிட்டு, சணல்நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டி, இரண்டு நாள் தொடாமல் வைத்தேன். மூன்று குளிர்காலம் ஆகிறது, அந்தக் கட்டு அசையவில்லை. வில்லைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. உழைக்கிறது, ஏமாற்றவில்லை.

படுத்துவது அம்பு.

தம்பி ஒரு வார்த்தைகூட அம்பைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் ஆரம்பத்தில் கேட்கவில்லை. மூன்று வாரம் உளி, அரம் என்று உட்கார்ந்து வில்லைச் செதுக்கிவிட்டு, கடையில் வாங்கிய அம்பை வைத்து எய்தேன். எல்லாம் இடப்பக்கம் போயின. நம் கை சரியில்லை என்று ஒரு மாதம் பயிற்சி செய்தேன். கை சரியாகத்தான் இருந்தது. இந்த மாதிரி வில்லில் அம்பு நடுவில் நிற்பதில்லை, பிடியின் பக்கவாட்டில் ஒட்டி நிற்கிறது. நாண் அதை நேராகத் தள்ளும்போது பிடி குறுக்கே இருக்கிறது. அம்பு வளைந்து பிடியைச் சுற்றிக்கொண்டு, தாண்டியபின் நிமிர வேண்டும். விறைப்பான அம்பு வளையாமல், வலக்கைக்காரன் எய்தால் இடப்பக்கம் விலகும். தொய்வான அம்பு வலப்பக்கம் போகும். ஆக, அந்த வில்லின் பலத்துக்கு ஏற்ற நெகிழ்வு அம்பில் இருந்தாக வேண்டும்.

அதனால் நானே அம்பு செய்ய இறங்கினேன். இங்கே சதுப்போரங்களில் ரெட் ஓசியர் என்று ஒரு புதர் வளர்கிறது. இலை உதிர்ந்தபின் அதன் குச்சிகள் பனிக்கு நடுவே குங்குமச் சிவப்பாக நிற்கும். இந்தப் பக்கத்துப் பழங்குடிகள் அம்புக்கு வெட்டிய குச்சிகளில் அதுவும் ஒன்று. சுண்டுவிரல் பருமனில் நேராக ஓங்கியதாகப் பார்த்து, குளிரில் வெட்டி, கட்டுக் கட்டி நிழலில் சில மாதம் காயவைக்க வேண்டும். பட்டையைச் சீவிவிட்டு, கோணல் இருக்கும் இடத்தைத் தணலுக்கு மேலே சூடாக்கி, எதிர்ப்பக்கம் வளைத்து, ஆறும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். கையை எடுத்தால் நேராக இருக்கும். இரண்டு மழைநாள் போனால் பழைய கோணலை நினைத்துக்கொள்ளும், திரும்பவும் தணல். இறகு வான்கோழியுடையது. மூன்றும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வர வேண்டும், கலந்தால் அம்பு சீராகச் சுழலாது. ஓர் அம்புக்கு, காய்கிற மாதங்களை விட்டுவிட்டாலும், மூன்று மணி நேரம் போகிறது.

அந்த மூன்று மணி நேரம், ஒரு நொடியில் புல்லுக்கு அடியில் போய்விடுகிறது. ஐந்து வருடமாக என்னை எரிய வைப்பது இதுதான். குறி தப்பினால் அம்பு தரையில் குத்தி நிற்பதில்லை. முயல் எப்போதும் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும், நாம் தாழ்த்தித்தான் எய்கிறோம். அம்பு தாழ்வாகப் போய், காய்ந்த புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் பாம்புபோல் நுழைந்து படுத்துக்கொள்கிறது. மேலே நின்று பார்த்தால் ஒரு புல்கூடக் கலைந்திருக்காது. வெள்ளை இறகு வைத்துப் பார்த்தேன், மஞ்சள் சாயம் தோய்த்துப் பார்த்தேன். உள்ளே போனபின் எந்த நிறமும் ஒன்றுதான்.

இதற்கென்று ஜூடோ முனை விற்கிறார்கள். மொட்டை முனையைச் சுற்றி நான்கு கம்பிக் கால்கள், அவை புல்லைப் பற்றி அம்பை நிமிர்த்திவிடும். நல்ல சரக்கு, பொய் சொல்லக் கூடாது. ஆனால் உறைந்த தரையில் பட்டால் முனை தப்பிக்கிறது, அதற்குப் பின்னால் என் குச்சி முறிகிறது. கலிஃபோர்னியப் பழங்குடிகள் பறவை அம்புகளின் நுனியில் சிறு குச்சிகளைக் குறுக்காக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து நானும் இரண்டு குச்சிகளைப் பெருக்கல் குறிபோல் வைத்து, மான் நரம்பால் இறுக்கினேன். வேகம் குறைந்தது. ஆனால் அந்தப் பருவம் முழுக்க ஓர் அம்புகூடப் புல்லுக்கடியில் போகவில்லை. இத்தனை வருடத்தில் இந்த வேட்டை எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷம் அதுதான், முயல்கள்கூட அதற்கு அப்புறம்தான்.

இந்த விஷயத்தில் இஷியை நினைக்காமல் இருக்க முடியாது. கலிஃபோர்னியாவின் யாஹி பழங்குடி மக்களில் கடைசியாக மிஞ்சியவர். 1911-இல் ஓரோவில் என்ற ஊருக்குத் தனியாக வந்து சேர்ந்தார், 1916-இல் காசநோயில் இறந்தார். நடுவிலிருந்த அந்தச் சில வருடங்களில் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் அவரிடம் வில் கற்றுக்கொண்டார். இஷி விரல்களை உதட்டில் வைத்து உறிஞ்சி, அடிபட்ட முயல்குட்டியின் கீச்சொலி எழுப்புவாராம், முயல்கள் தாமாக அருகில் வருமாம். நானும் செய்து பார்த்திருக்கிறேன். ஒரே ஒருமுறை, இருபது கஜத்தில் ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது.

தூரத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு கஜத்துக்கு மேல் எய்யாதே தம்பி. மொட்டை முனை அடித்துத்தான் கொல்கிறது, வெட்டிக் கொல்வதில்லை. தலையிலோ நெஞ்சிலோ படாவிட்டால் அந்த உயிர் அவதிப்படும். மூன்றாம் வருடம் ஓர் அணிலை இருபது கஜத்தில் எய்து இடுப்பில் அடித்தேன். அது கிளையைக் கவ்விக்கொண்டு தொங்கியதைப் பார்த்தவன் நான். அன்றோடு அணிலை விட்டுவிட்டேன். அப்புறம், முயலை உரிக்கும்போது கையுறை போட்டுக்கொள், நன்றாக வேகவை. துலரீமியா என்ற காய்ச்சல் முயலிடமிருந்து வரும்.

போன சனிக்கிழமை நடந்தது இது. இரவெல்லாம் பனி பெய்து, காலையில் நின்றிருந்தது. காட்டு ரோஜாப் புதருக்குள் போன தடம் வெளியே வரவில்லை. குனிந்து பார்த்தேன். முயல் தெரியவில்லை, கண் தெரிந்தது. பழுப்புக் கிளைகளுக்கு நடுவே, மிளகுபோல் கறுப்பாக, அசையாமல் ஒரு கண். ஒன்பது கஜம். குறுக்குக்குச்சி அம்பை அன்று எடுத்துப்போகவில்லை. பனியில் புல் இல்லையே என்று, மொட்டை முனை வைத்த என் நல்ல அம்பை வைத்திருந்தேன். நாலு வருடமாக நேராகவே நிற்கும் ஒரே குச்சி அது. எய்தேன். நடுவில் ஒரு முள்கிளை, அம்பு அதில் தட்டி விலகியது. முயல் போய்விட்டது. பனியில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் மட்டும் இருந்தது. அந்தக் கீறலிலிருந்து முட்டிபோட்டு, கையுறையைக் கழற்றி, இரண்டு மணி நேரம் துழாவினேன். விரல் மரத்துப் போனதுதான் கண்ட பலன்.

ஆக, தம்பி, வில் அருமையான வில். முறியவில்லை, ஏமாற்றவில்லை, குளிரில் பாடுகிறது. இருந்தாலும், செய்யலாமா என்று இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பன்னிரண்டு குச்சி வெட்டிக் காயவைத்து அம்பாக்கிவிட்டு வா. அதில் எட்டு தொலைந்தபிறகும் வில் வேண்டும் என்று தோன்றினால் மரம் எடுத்துத் தருகிறேன், கூட உட்கார்ந்து செதுக்குகிறேன்.

வியாழக்கிழமை பனி கரையும் என்கிறார்கள். அந்தப் புதருக்குப் பக்கத்தில் ஒரு ஆரஞ்சுத் துணியைக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். வண்டியில் புல்வாரியை ஏற்றியாயிற்று.