கமக்காரர் அமைப்பின் பழைய கணினியும் அதன் மின்வழங்கியும்

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழுள்ள எங்கள் கமக்காரர் அமைப்பின் சிறுபோகக் காணிப் பங்கீட்டுப் பதிவுகள், 2012ஆம் ஆண்டு வவுனியாவில் பழைய பொருளாக வாங்கிய ஒரு கோர் 2 டுவோ கணினியிலேயே இருக்கின்றன. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட அந்தக் கோப்புகளை வேறு கணினிக்கு மாற்றிவிடலாம். ஆனால், காபன் தாள் வைத்து மூன்று படிகள் எடுக்கும் எங்கள் பழைய அச்சுப்பொறியின் அகன்ற செருகியை ஏற்கும் துளை இப்போது விற்கும் கணினிகளில் இருப்பதில்லை. ஆகவே இதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

2020 மார்கழியில் கோளாறு தொடங்கியது. பொத்தானை அழுத்தினால் விசிறி அரைச்சுற்றுச் சுற்றி நின்றுவிடும். நான்காம், ஐந்தாம் முறை அழுத்தும்போது எதுவுமே நடவாததுபோல இயங்கத் தொடங்கும். இயங்கிவிட்டால் மாலைவரை ஒரு குறையும் இராது. எந்த நாளும் அடியோடு நின்றுவிடலாம் என்று அஞ்சி, முதலில் பதிவுகள் முழுவதையும் பென்ட்ரைவில் படியெடுத்தேன். திருத்த வேலையில் அதுவே முதற்படியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சுவர்ச் செருகியையும் மின்வயரையும் மாற்றிப் பார்த்தேன். பொத்தான் தேய்ந்திருக்குமோ என்ற ஐயத்தில், அதன் வயரைக் கழற்றிவிட்டு ரீசெற் பொத்தானின் வயரை அந்த இடத்தில் செருகினேன். நினைவகத் தகட்டின் தொடுமுனைகளை அழிறப்பரால் துடைத்தேன். கணினியின் உறுப்புகளை இணைக்கும் முதன்மை மின்பலகையான தாய்ப்பலகையில், கடிகாரத்தை ஓட வைக்கும் சிஆர் 2032 பற்றரி 3 வோல்ற்றுக்குப் பதிலாக 2.6 வோல்ற்றே காட்டியதால் அதையும் மாற்றினேன். கடிகாரம் சரியானது, கோளாறு அப்படியே இருந்தது. நகரத்தில் கணினி திருத்தும் ஒருவர், "அண்ணை, போட் போட்டுது, இனிச் செலவழிக்காதேங்கோ" என்றார். தாய்ப்பலகையே பழுதாகிவிட்டது என்பது அவர் முடிவு. அளந்து பாராமற் சொன்ன அந்த முடிவை ஏற்க என்னால் முடியவில்லை.

அதன் பிறகு ஒரு கொப்பியில், ஒவ்வொரு நாளும் எத்தனையாம் அழுத்தில் எழும்பியது, அப்போது நேரம் என்ன, இரவில் செருகி கழற்றப்பட்டிருந்ததா என்று மூன்று வாரம் எழுதிவந்தேன். பனி விழும் காலைகளிலும், இரவு முழுவதும் செருகி கழற்றியிருந்த நாள்களிலும் அது மோசமாக இருந்தது. நண்பகலிலும், செருகியிட்டு அரைமணி நேரம் காத்திருந்தபோதும் முதல் அழுத்திலேயே எழும்பியது. குளிரில் பழுதாகி, சூட்டில் சரியாகும் உறுப்பு எது என்று தேடியபோது, சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற குறைந்த வோல்ற்றளவுக்கு மாற்றித் தரும் மின்வழங்கியில், மின்னைத் தேக்கிவைக்கும் சிறு உருளைகளான மின்பகு கொள்ளளவிகளில் வந்து நின்றேன். அவற்றின் உள்ளே இருக்கும் திரவம் ஆண்டுக்கணக்கில் உலர்ந்துபோனால் உள்தடை உயரும். குளிரில் அது மேலும் கூடும். கணினி நிறுத்தப்பட்டிருந்தாலும், செருகி இருக்கும்வரை காத்திருப்பு மின்சுற்று ஓய்வின்றி வேலை செய்வதால் அதிலுள்ள கொள்ளளவிகள் முதலில் தேய்வது இயல்பே.

அதை உறுதிசெய்ய, மின்வழங்கியின் 24 முனைச் செருகியைத் தாய்ப்பலகையிலிருந்து கழற்றி, சுமைக்காக ஒரு பழைய வன்தட்டை மட்டும் இணைத்துவிட்டு, பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் சிறு கம்பியால் தொடுத்தேன். இப்படித் தொடுத்தால் தாய்ப்பலகை இல்லாமலே மின்வழங்கி இயங்கத் தொடங்கும். அதிகாலையில் விசிறி அதே அரைச்சுற்றோடு நின்றது. தாய்ப்பலகை இணைப்பிலேயே இல்லை என்பதால் குற்றம் அதனுடையதன்று என்பது அக்கணமே தெளிவாயிற்று. பல்மானியை, காத்திருப்பு மின்சுற்றின் மின்னைக் கொண்டுவரும் ஊதா வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையில் வைத்தபோது, 4.75க்கும் 5.25க்கும் இடையில் நிற்க வேண்டிய வோல்ற்றளவு, கம்பியைத் தொடுத்தவுடன் 4.2 வரை விழுந்தது.

மின்வழங்கியின் பெட்டியைத் திறப்போர் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். நம் 230 வோல்ற் மின்சாரத்தால் உள்ளிருக்கும் பெரிய கொள்ளளவி ஏறத்தாழ 325 வோல்ற்றுக்கு ஏறியிருக்கும். செருகியைக் கழற்றிய பின்னும் அது சிறிது நேரம் மின்னைத் தேக்கிவைத்திருக்கும். ஆகவே வானொலி திருத்தும் அனுபவமுள்ள ஒருவரிடமே கொண்டுசென்றேன். வெப்பத்தகட்டை ஒட்டியிருந்த இரண்டு 1000 மைக்ரோபரட் கொள்ளளவிகளின் தலை உப்பியிருந்தது. அவற்றுக்குப் பதிலாக, 105 பாகை வெப்பம்வரை தாங்கும், உள்தடை குறைந்தவற்றை, மறைமுனையை (−) காட்டும் கோடு பார்த்து அவர் பற்றவைத்தார். இரண்டுக்கும் 200 ரூபாகூட ஆகவில்லை.

2021 மாசிக்குப் பின் ஒரு காலையிலும் இரண்டாம் அழுத்துத் தேவைப்படவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நிலவியபோது, மின் திரும்பும் வேளையில் வோல்ற்றளவு ஏறி இறங்கும் என்பதால், மின் போனவுடன் செருகியைக் கழற்றிவிடுவேன். அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. சிறுபோக அறுவடை முடிந்ததும் உள்ளே படிந்த செம்புழுதியைத் தூரிகையால் அகற்றுகிறேன். தாய்ப்பலகையிலுள்ள கொள்ளளவிகளின் தலைகள் இன்னும் தட்டையாகவே இருக்கின்றன. மின்வழங்கியின் விசிறி மட்டும் அண்மையில் இரைகிறது. அடுத்த காலபோக விதைப்புக்கு முன் அதை மாற்றிவிடுவேன்.