காரைக்குடி ஜெராக்ஸ் கடை நோட்ஸ்: 1969 குடியரசுத் தலைவர் தேர்தல் பகுதி எப்படி?

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் காரைக்குடியில் இப்போது கைமாறும் ஸ்பைரல் நோட்ஸ் இது. 96 பக்கம், 130 ரூபாய். குடியரசுத் தலைவர் தேர்தல்கள் கட்சிக் கூட்டணிகளை எப்படி மாற்றின என்பதுதான் பொருள். பாதிக்கு மேல் 1969-க்கே போகிறது. அது சரியான தேர்வு.

வாக்கு எண்ணிக்கைப் பகுதி அருமை. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் போட்ட செல்லுபடியான வாக்குகளின் மொத்த மதிப்பு 8,36,337. பாதியோடு ஒன்று சேர்த்தால் வெற்றிக்குத் தேவை 4,18,169. முதல் விருப்பத்தில் சுயேச்சையாக நின்ற வி.வி. கிரிக்கு 4,01,515, காங்கிரஸின் அதிகாரப்பூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. யாரும் எல்லையைத் தொடாததால் பின்தங்கியவர்களை நீக்கி, அவர்களின் வாக்குச்சீட்டுகளில் குறித்திருந்த அடுத்த விருப்பங்களை மற்றவர்களுக்குப் பிரித்தார்கள். ரெட்டிக்கு 91,879 சேர்ந்தது, கிரிக்கு 18,562 மட்டும். முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. எல்லையைக் கிரி தாண்டியது வெறும் 1,908-ல். இதை ஒவ்வொரு படியாகப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு பக்கத்துக்கே 130 ரூபாய் தகும்.

ஆனால் அந்த 91,879 எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத் தொடவே இல்லை. காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா ஜனசங்கம், ராஜாஜியின் சுதந்திரா கட்சித் தலைவர்களிடம் பேசினார். அக்கட்சிகளின் முதல் விருப்பம் தேஷ்முக், இரண்டாவது ரெட்டி. அந்தப் பேச்சைக் காட்டித்தான் கிரியை ஆதரித்த பிரதமர் இந்திரா தரப்பு, கட்சி வேட்பாளர் என்று பாராமல் மனசாட்சிப்படி வாக்களிக்கக் கேட்டது. நவம்பரில் கட்சி இந்திரா காங்கிரஸ் என்றும், நிஜலிங்கப்பா, காமராஜர் பக்கமிருந்த ஸ்தாபன காங்கிரஸ் என்றும் உடைந்தது. 1971-ல் ஸ்தாபன காங்கிரஸும் சுதந்திராவும் கைகோத்து, காமராஜரும் ராஜாஜியும் ஒரே அணியில் நின்றதன் விதை அந்த இரண்டாம் விருப்பத்தில்தான் இருக்கிறது. கிரிக்கு வாக்களித்த தி.மு.க. மறுபக்கம் இந்திராவின் சிறுபான்மை அரசைத் தாங்கியது. 1971-ல் இந்திரா காங்கிரஸ் தமிழகச் சட்டமன்றத்துக்கு ஒரு வேட்பாளரையும் நிறுத்தவில்லை. தி.மு.க. 203-ல் நின்று 184 வென்றது. நோட்ஸில் 1971 கூட்டணி திடீரென முளைத்ததுபோல வேறு அத்தியாயத்தில் வருகிறது. பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு இதை நம்பி எழுதினால் காரணமே இல்லாத விடையாகிவிடும்.

வங்கித் தேசியமயமும் அப்படித்தான், பொருளாதாரப் பகுதியில் ஒற்றை வரியாகக் கிடக்கிறது. 1969 ஜூலை 19 அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தவர் தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்த கிரியேதான். மறுநாள் பதவி விலகினார். இடதுசாரிகள் இந்திரா பக்கம் நெருங்கியதற்கு அந்தச் சட்டம் பெரிய காரணம். அப்போது தேசியமயமான 14 வங்கிகளில் ஒன்றான ஐ.ஓ.பி. (இந்தியன் ஓவர்சீஸ் வங்கி), 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்த செட்டிநாட்டு முதலீட்டு வங்கி. இந்த ஊரில் விற்கும் நோட்ஸில் இது இல்லாதது மனசுக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இரண்டு பிழைகளைப் பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள். தமிழக எம்.எல்.ஏ. வாக்கின் மதிப்பு 176 என்று 1969-க்கும் போட்டிருக்கிறார்கள். அது 1971 கணக்கெடுப்பில் வந்த எண். அப்போது பயன்பட்டது 1961 கணக்கு: மக்கள்தொகை 3,36,86,953-ஐ சட்டமன்றத் தொகுதிகள் 234-ஆல் வகுத்தால் 1,43,961, அதை 1000-ஆல் வகுத்தால் 143 போக மீதி 961. மீதி 500-க்குக் குறையாததால் ஒன்று கூடி 144. அடுத்து, 50 பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதி அந்த அத்தியாயத்திலேயே இருக்கிறது. 1969-ல் அப்படி ஒன்று கிடையாது, அதனால்தான் 15 பேர் களத்தில் நின்றார்கள். பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்பது 1974-ல் வந்தது, ஐம்பது 1997-ல்.

பைண்டிங் இடது ஓரத்தில். அதன் துளைகள் வாக்கு எண்ணிக்கை அட்டவணையின் முதல் இலக்கங்களைத் தின்றுவிட்டு 4,20,077 வெறும் 20,077 ஆகத் தெரிகிறது. வாங்கும்போதே மேல்பக்கம் துளையிட்டுக் கேளுங்கள்.