இணைப்பு அறுந்தாலும் வேலை அறுபடாதிருக்க: டீமக்ஸா, மோஷா, காக்பிட்டா?

டர்பனில் இருந்துகொண்டு ஜோகன்னஸ்பர்க்கிலோ ஐரோப்பாவிலோ உள்ள லினக்ஸ் சர்வர்களைக் கவனிப்பவர்களுக்கு, 2023-இல் லோட் ஷெடிங் (தென்னாப்பிரிக்காவில் முறைவைத்துச் செய்யப்படும் மின்வெட்டு) ஆறாம் நிலையில் இருந்த நாட்களில் இணைப்பு அறுவது அன்றாட நிகழ்ச்சியாகவே இருந்தது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்த நான், டீமக்ஸ், மோஷ், காக்பிட் என்ற மூன்று வழிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டு, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியே சென்று, டெர்மினல் அமர்வைச் சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் டீமக்ஸுக்குள் வேலை செய்வது என்று நிலைத்துவிட்டேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது அன்று.

காக்பிட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 9090 போர்ட்டில் பிரவுசர் வழியே திறக்கும் அந்த முகப்பு, டிஸ்க் நிரம்பிவிட்டதா, எந்தச் சர்வீஸ் நின்றுபோயிருக்கிறது என்று பார்ப்பதற்கு மிக வசதியானது. ஆனால் இணைப்பு போனால் அதன் டெர்மினலில் ஓடிக்கொண்டிருந்த வேலையும் கூடவே போய்விடும். அதை என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்குப் பின்னால் வைத்திருப்பவர்களுக்கு உள்நுழைந்ததும் வெற்றுப் பக்கம் வந்தால், வெப்சாக்கெட்டுக்கான (பிரவுசரும் சர்வரும் தொடர்ந்து பேசும் இணைப்பு) அப்கிரேட் ஹெடரையும், காக்பிட் அமைப்புக் கோப்பில் எந்த முகவரிகளிலிருந்து வரலாம் என்று சொல்லும் ஒரிஜின்ஸ் வரியையும் முதலில் பார்க்க வேண்டும்.

மோஷ் உண்மையிலேயே அழகான கருவி. எம்ஐடியில் உருவாகி 2012-இல் வெளிவந்த இது, உள்நுழைவை மட்டும் எஸ்எஸ்ஹெச்சிடம் விட்டுவிட்டு, அதன் பிறகு, நிலையான இணைப்பு தேவைப்படாத யுடிபி நெறிமுறையில் பேசுகிறது. எஸ்எஸ்ஹெச், நிலையான இணைப்பை நம்பும் டிசிபி நெறிமுறையின் மேல் நிற்பதால் ஐபி முகவரி மாறினால் பிழைக்காது. மோஷோ, வீட்டு ஃபைபர் அணைந்து செல்போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினாலும் எதுவும் நடவாததுபோல் தொடரும். ஐரோப்பிய சர்வரில் தட்டிய எழுத்து தாமதமாகத் திரையில் வரும் எரிச்சலையும் அது பெருமளவு தணிக்கிறது.

இருந்தும் நான் அதை முதன்மையாக வைத்துக்கொள்ளாததற்குக் காரணம் ஒன்றுதான்: மின்வெட்டில் ரவுட்டர் மட்டும் அணைவதில்லை, யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியும் அணைந்துவிடுகிறது. மோஷ் அமர்வின் சாவி கிளையன்ட்டின் (நம் பக்கம் ஓடும் நிரலின்) நினைவகத்தில் மட்டுமே இருப்பதால், அந்தக் கணினி போய்விட்டால், சர்வரில் மோஷ்-சர்வர் உயிரோடிருந்தாலும் அதற்குள் திரும்ப நுழைய வழியில்லை. மீண்டும் உள்நுழையும்போது, பழைய அமர்வு துண்டிக்கப்பட்ட நிலையில் இருப்பதாக ஓர் அறிவிப்பும் அதன் செயல் எண்ணும் வரும். அதைக் கொன்றுவிடுவதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை. ஆக, மோஷ் வைத்திருந்தாலும் உள்ளே டீமக்ஸ் வேண்டியிருக்கிறது. டீமக்ஸ் எப்படியும் வேண்டும் என்றான பின், ஒவ்வொரு சர்வரிலும் மோஷை நிறுவி, 60000 முதல் 61000 வரையிலான யுடிபி போர்ட்டுகளை ஃபயர்வாலில் திறந்து, வாடிக்கையாளரின் நெட்வொர்க் பொறுப்பாளரிடம் அதற்கு அனுமதியும் கேட்டு நிற்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

டீமக்ஸ் வழியில் பராமரிப்பு மிகக் குறைவு. எஸ்எஸ்ஹெச் கிளையன்ட்டில் சர்வர்-அலைவ்-இன்டர்வல் (சர்வர் உயிரோடிருக்கிறதா என்று கேட்கும் இடைவெளி) இயல்பாகப் பூஜ்யமாக இருப்பதால், அறுந்துபோன இணைப்பு வெகுநேரம் உறைந்த திரையாகவே நிற்கும். அதை 30 வினாடி என்று வைத்தால், மூன்று முறை பதில் வராத பின், ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில், கிளையன்ட் தானே விலகிவிடும். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் எண்டர், டில்டே, முற்றுப்புள்ளி என்று வரிசையாகத் தட்டினால் போதும். பிறகு மறுபடி உள்நுழைந்து, டீமக்ஸ் அட்டாச் கட்டளையை மைனஸ் டி சேர்த்துக் கொடுத்தால், சர்வர் பக்கம் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் பழைய பிடி விடுபட்டு, விட்ட இடத்திலேயே திரை வந்துவிடும். டெபியன் லினக்ஸில் பாக்கேஜ்களை மேம்படுத்திக்கொண்டிருக்கும்போது வீட்டில் மின்சாரம் போனாலும், அவற்றை நிறுவும் டிபிகேஜி பாதியில் நிற்காமல் தன் வேலையை முடித்திருக்கும். வெறும் எஸ்எஸ்ஹெச் அமர்வில் அந்த உறுதி கிடையாது.

டீமக்ஸும் காணாமல் போகிறது என்பவர்கள், லினக்ஸின் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாகின்டி அமைப்பில், வெளியேறும் பயனரின் செயல்களைக் கொன்றுவிடும் கில்-யூசர்-ப்ராசஸஸ் 'யெஸ்' (yes) என்றிருக்கிறதா என்று பார்க்கவும். சிஸ்டம்டி 2016-இல் அதையே இயல்பு நிலையாக்கியது. டெபியன் போன்றவை அணைத்தே தருகின்றன. இயக்கியே வைக்க வேண்டியிருந்தால், லாகின்சிடிஎல் கட்டளை மூலம் அந்தப் பயனருக்கு லிங்கரை (வெளியேறிய பின்னும் அவருடைய செயல்களை ஓடவிடும் அமைப்பு) இயக்கி, சிஸ்டம்டி-ரன்னின் யூசர், ஸ்கோப் தேர்வுகளோடு டீமக்ஸைத் தொடங்க வேண்டும்.

பயணத்தில் செல்போனிலிருந்து சர்வரைத் தொடுவோருக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். நான் அப்படி வேலை பார்ப்பது அரிது. பார்க்கும்போது, போர்ட் திறந்திருக்கும் சர்வர்களில் மோஷுக்குள் டீமக்ஸை வைத்தே பார்க்கிறேன்.