தோட்டத்து திடல்ல பீப் டெஸ்ட், ஆளுக்கு 35 வெள்ளி

சனிக்கிழம காலைல மலேசியால சுங்கை சிப்புட் பக்கத்துல எங்க தோட்டத்து திடலுக்கே வந்து ஸ்டாமினா டெஸ்ட் எடுத்தாங்க, வெளியூர் ஃபிட்னஸ் டீம் ஒன்னு, ஆளுக்கு 35 வெள்ளி (ரிங்கிட்), எங்க ஃபுட்பால் டீமுல பதினாலு பேரு ஓடுனோம். பேரு சொல்லல, கொஞ்சம் திட்டப் போறேன்லா.

மொதல்ல நல்லத சொல்லிடுறேன். 7 மணின்னா டான்னு 7க்கு வந்துட்டாங்க, எங்காளுங்கதான் லேட்டு. 20 மீட்டர தப்படி வச்சி அளக்கல, டேப்பு போட்டாங்க. ராத்திரி மழைல புல்லு சொதசொதன்னு கெடந்திச்சா, செம்பனை ஓரமா வச்ச கோன எல்லாம் தூக்கி மேட்டுப் பக்கம் மாத்தி மறுபடி அளந்தாங்க, அதுக்கே பாதி காசு தகும். பீப் டெஸ்ட்னா அந்த 20 மீட்டர போயி வந்து ஓடிக்கிட்டே இருக்கணும், மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்துல ஆரம்பிக்கும், நிமிஷத்துக்கு ஒரு லெவல், லெவலுக்கு அர கிலோமீட்டர் வேகம் ஏறும், பீப் சத்தம் வர்றதுக்குள்ள கோட்ட தொடணும். லெவல் 5 வரைக்கும் கத பேசிக்கிட்டே ஓடுவானுங்க, 8 வந்தா ஸ்பீக்கர் சத்தம் மட்டும்தான் கேக்கும்.

எங்க மிட்ஃபீல்டு தம்பி 11 வரைக்கும் போனான், கார்டுல 57ன்னு வந்திச்சி, அதாவது ஒடம்பு ஒரு கிலோவுக்கு நிமிஷத்துக்கு 57 மில்லி ஆக்சிஜன் இழுக்குதாம். மாஸ்க் மாட்டி மிஷின்ல பாத்தது இல்ல, வேகத்த வச்சி போட்ட கணக்குதான். கீப்பர் அண்ணே 8ல நின்னுட்டாரு, 48. செவப்பு மையில 'தேறல'ன்னு போட்டுட்டாங்க.

இங்கதான் எனக்கு ஏறிச்சி. மேட்ச்ல மிட்ஃபீல்டர் 11 கிலோமீட்டர் கிட்ட ஓடுறான், கீப்பர் 5 கிலோமீட்டர் கிட்டதான், ரெண்டு பேருக்கும் ஒரே பாஸ் மார்க்கா? நம்ம மலேசியா டீமு பழைய கீப்பர் ஸ்பைடர்மேன் ஆறுமுகத்த நாடே கொண்டாடுனது கை நீளத்துக்கும் பாய்ச்சலுக்கும், பீப்புக்கா?

அதவிட மோசம் கார்டுல கீழ இருந்த கட்டம்: இத்தன மார்க்குன்னா ஸ்டேட் லெவல், இத்தனன்னா நேஷனல் லெவல். நார்வேல 1989லேர்ந்து 2012 வரைக்கும் 1545 ஃபுட்பால் ப்ளேயருக்கு இதே ஆக்சிஜன் அளவ டெஸ்ட் பண்ணி பாத்தாங்க, மிட்ஃபீல்டர்தான் மத்த பொசிஷனுக்கு மேல, அது சரி, ஆனா நேஷனல் டீமுக்கும் மொத டிவிஷனுக்கும் ரெண்டாவது டிவிஷனுக்கும் ஏன் ஜூனியர் பசங்களுக்கும் கூட வித்தியாசமே இல்ல. 62, 64 இருந்தா ப்ரோ ஆட்டத்துக்கு போதும்னு முடிச்சாங்க, அதுக்கு மேல காலுல வித்த இருக்கணும்லா. கோச்சுகிட்ட கேட்டேன், "சிஸ்டம் அப்படித்தாண்ணே போடும்"னு சிரிக்கிறாரு.

மறுபடி கூப்புடுவேன், அளவு நேர்மையா எடுக்குறாங்க, சீசன் நடுவுல அதே பையன அவனோட பழைய மார்க்கோட வச்சி பாக்கலாம். கட்டத்த மட்டும் வெட்டிட்டு குடுங்கன்னு சொல்லிட்டேன். கீப்பர் அண்ணே வரமாட்டாராம், 35 வெள்ளிக்கு மாமாக் கடைல எத்தன ரொட்டி சானாய்னு கணக்கு சொல்றாரு.