பிரச்சோலே: ஒரே பெரிய சுருளா, ஆளுக்கொரு குட்டிச் சுருளா?

நியூயார்க், நியூ ஜெர்சிப் பக்கத்து இத்தாலிய வம்சாவளி வீடுகளில் ஞாயிறன்று தக்காளிச் சாஸ் மணிக்கணக்கில் கொதிக்கும். பலர் அதை 'கிரேவி' என்பார்கள். அதற்குள் வேகும் மாட்டிறைச்சிச் சுருள்தான் பிரச்சோலே. அவர்கள் வாயில் 'பிரஜோல்'. இத்தாலியிலேயே பல ஊர்களில் இந்தப் பெயரைச் சொன்னால் வாட்டிய இறைச்சித் துண்டுதான் தட்டுக்கு வரும். சுருளுக்கு இந்தப் பெயர் நேப்பிள்ஸ், பாரி போன்ற தெற்கத்தி ஊர்களின் வழக்கம்.

உள்ளே வைப்பதில் பெரிய சண்டை இல்லை. ரொட்டித்தூள், பெக்கரினோ சீஸ், பூண்டு, பார்ஸ்லி. பிடித்தால் உலர்திராட்சையும் பைன் பருப்பும். எந்தக் கறி என்பதில்தான் பிரச்சினை.

குட்டிச் சுருளுக்குத் தொடைக்கறி. கடையில் 'டாப் ரவுண்ட்' என்று மெல்லிய வில்லைகளாகக் கிடைக்கும். அரை சென்டிமீட்டர் அளவுக்குத் தட்டி, சுருட்டி, நூல் கட்டி, எண்ணெயில் சிவக்க வறுத்துச் சாஸில் போட்டால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் வெந்துவிடும். கொழுப்பு குறைவு என்பதால் தளதளவென்று கொதிக்க விட்டால் வறண்டுபோகும். சாஸ் லேசாகக் குமிழிட்டால் போதும்.

பெரிய சுருளுக்கு 'ஃபிளாங்க்', அதாவது மாட்டின் வயிற்றுப்புறத் தசை. கட்டும் வேலை ஒரே தடவையில் முடியும், வட்ட வட்டமாக அறுத்து அடுக்கினால் பார்க்கவும் அழகு. ஆனால் இதில் நார்கள் நீளமாக ஓடும். அவை சுருளின் நீளவாக்கில் இருக்கும்படி சுருட்ட வேண்டும். அப்போதுதான் அறுக்கும்போது கத்தி நாரைக் குறுக்கே வெட்டும். முதல் தடவை நான் மாற்றிச் சுருட்டினேன். இரண்டு மணி நேரம் வேகவைத்தும் தேங்காய் நாரை மென்றதுபோல் இருந்தது.

சாஸ் ருசிக்காகச் செய்வதென்றால் என் ஓட்டு குட்டிகளுக்குத்தான். எட்டுச் சுருளை எல்லாப் பக்கமும் வறுக்கும்போது சட்டியடியில் ஒட்டும் பழுப்பு, ஒரு பெரிய சுருளில் அவ்வளவு வராது. அதைக் கொஞ்சம் ஒயின் விட்டுச் சுரண்டி, அதிலேயே தக்காளியைக் கொட்டினால் சாஸின் நிறமே மாறிவிடும்.

நூலுக்குப் பதில் பல்குச்சியும் குத்தலாம். எத்தனை குத்தினோம் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். நான் எண்ணவில்லை, ஒன்று விருந்தாளியின் தட்டில் கிடைத்தது.